ஜூனோவில் ஐந்து நாள்: ஆல்டர் புகையும் கறுப்பு பீரும்

முதல் நாள், அக்டோபர் 29

ஜூனோ அலாஸ்காவின் தலைநகரம். ஆனால் வெளியூரிலிருந்து காரில் போய்ச் சேர முடியாது. முதுகுப்புறம் மலையும் பனிவயலும், முகப்பில் காஸ்டினோ கால்வாய். ஊருக்குள் ஓடும் நெடுஞ்சாலை வடக்கே நாற்பது மைல் போய்க் காட்டில் நின்றுவிடுகிறது. வருவதற்கு இரண்டே வழி. சியாட்டிலிலிருந்து நேர் விமானம், இரண்டரை மணி நேரம். இல்லையென்றால் வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாமில் ஏறி இரண்டு மூன்று நாள் மாநில அரசின் படகில். படகுத்துறை ஆக் பே என்ற இடத்தில் இருக்கிறது. நகர மையம் அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். முன்பே டாக்சி சொல்லிவைக்காமல் இரவில் இறங்கக் கூடாது.

சொகுசுக் கப்பல்களின் பருவம் முடிந்துவிட்டதால் தெருக்கள் காலி, நினைவுப்பொருள் கடைகள் பாதி மூடிக் கிடக்கின்றன. சூரியன் எழக் காலை எட்டு மணி தாண்டுகிறது, மாலை ஐந்தைச் சுற்றி இருட்டு. மழை விடவே இல்லை. இங்கே செப்டம்பரும் அக்டோபரும்தான் ஆண்டின் அதிக மழை மாதங்கள். நகர மையத்தில் ஆண்டுக்குச் சுமார் 90 அங்குலம் பெய்யும், விமான நிலையப் பக்கம் அதைவிடக் குறைவு. குடை கொண்டுவராதீர்கள், காற்று மடக்கிவிடும். தொப்பி வைத்த மழைச்சட்டையும் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸும் போதும். உள்ளூர்க்காரர்கள் காலில் பழுப்பு நிற எக்ஸ்ட்ராடஃப் பூட்ஸ்தான், அலுவலகம் போகிறவர்கள் உட்பட.

நாங்கள் வந்தது ஒரே ஒரு பீருக்காக: அலாஸ்கன் ஸ்மோக்ட் போர்ட்டர். புகை மூட்டம் போட்ட மால்ட்டில், அதாவது முளைக்கவிட்டு உலர்த்திய பார்லியில், காய்ச்சும் கறுப்பு பீர். நவம்பர் 1-ஐ அதன் வெளியீட்டு நாளாக வைத்திருப்பது நீண்ட நாள் வழக்கம். அதற்கு முன் மூன்று நாள் எதற்கு என்று கேட்கலாம். இந்த பீரின் சுவை பாட்டிலில் பிறந்ததல்ல, ஊரில் பிறந்தது. அதைப் பார்த்துவிட்டுக் குடித்தால்தான் நாக்குக்கு எதைத் தேடுவதென்று தெரியும்.

இரண்டாம் நாள், அக்டோபர் 30

இன்று முழுக்க மரமும் புகையும்.

ஓடைக் கரைகளிலும், மண் சரிந்த சரிவுகளிலும், பனியாறு பின்வாங்கிய வெற்று நிலத்திலும் முதலில் முளைப்பது ஆல்டர் என்ற மரம். வேரில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் சத்தில்லாத மண்ணிலும் வளரும். மெண்டன்ஹால் பனியாற்றுப் பக்கம் நடந்தால் வழி நெடுக இதைப் பார்க்கலாம். சின்னச் சின்ன மரக்காய்கள் கூம்பு போல் கிளையில் தொங்கும். இலை உதிர்ந்த இந்த மாதத்திலும் அதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். வெட்டிய பக்கம் சற்று நேரத்தில் செம்மஞ்சளாகும்.

ஸ்ப்ரூஸ் போன்ற ஊசியிலை மரங்கள்தான் இந்தக் காட்டில் அதிகம். ஆனால் அவற்றில் பிசின் இருக்கிறது. எரித்தால் கரியும் தார் கசப்பும்தான் வரும், உணவுக்கு ஆகாது. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பிசினில்லாத மரம் ஆல்டர். அதனால் இந்தப் பகுதியின் பழங்குடிகளான டிலிங்கிட் மக்கள் தலைமுறை தலைமுறையாக சால்மன் மீனை ஆல்டர் புகையில்தான் பதப்படுத்தி வந்திருக்கிறார்கள். அந்தப் புகை மென்மையானது, லேசான இனிப்பு உடையது. நம் ஊரில் புளிய விறகும் வேல விறகும் சமையலுக்கு வெவ்வேறு வாசனை தருவது போலத்தான் இதுவும்.

விறகிலிருந்து வாசனை எப்படி வருகிறது? மரத்தைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள் சூட்டில் உடையும்போது குவாயகால், சிரிங்கால் என்ற பீனால்கள் பிறக்கின்றன. நாம் புகை வாசனை என்று சொல்வது பெரும்பாலும் இவற்றைத்தான். ஆனால் கொழுந்து விட்டு எரியும் தீயில் இவை எரிந்து போய்விடும். காற்றைக் குறைத்து, தணலின் மேல் சிராய்களைக் கனியவிட்டு, மெல்லிய நீல நிறப் புகையாக வரவைக்க வேண்டும். வெள்ளையாகத் திரண்டு வந்தால் மரம் ஈரம், அல்லது காற்றுப் போதவில்லை. அந்தப் புகை பட்டது எல்லாம் நாக்கில் தார் பூசியது போல் கசக்கும். மீனுக்கும் மால்ட்டுக்கும் விதி ஒன்றே.

1986-இல் ஜெஃப் லார்சன், மார்சி லார்சன் என்ற தம்பதி இங்கே அலாஸ்கன் மதுவடிப்பகத்தைத் தொடங்கினார்கள். தெருவுக்கு எதிர்ப்புறம் டாக்கு ஸ்மோக்கரீஸ் என்ற மீன் புகைக்கூடம். அண்டை வீட்டுக்காரர்கள் போல இவர்கள் பீர் கொடுக்க, அவர்கள் புகை சால்மன் கொடுக்க, அந்தப் பழக்கத்தில்தான் மால்ட்டையும் ஏன் இதே கூடத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது என்ற எண்ணம் வந்தது. முதல் ஸ்மோக்ட் போர்ட்டர் 1988-இல்.

மீன் புகைத்த கூடத்தில் தானியம் வைப்பதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. தட்டிலும் சுவரிலும் ஒட்டியிருக்கும் மீன் எண்ணெய் மால்ட்டில் ஏறினால் பீரில் நுரை நிற்காது. சில வாரத்தில் சிக்கு வாடையும் வரும். ஆகவே முதல் வேலை கழுவுதல்: சூடான காரத் தண்ணீரில் தேய்த்து, அலசி, ஒருமுறை வெறும் புகை விட்டுப் பார்த்து, அதன் பிறகுதான் தானியம். வீட்டில் மீனுக்கும் மால்ட்டுக்கும் ஒரே புகைப்பெட்டியைப் பயன்படுத்த நினைப்பவர்கள் இந்த வேலையைச் சுருக்கினால் மொத்த மால்ட்டும் பாழ்.

வீட்டளவில் மூட்டம் போடும் முறை இது. ஒன்றரை கிலோ வெளிர் மால்ட் எடுத்து, பூவாளியில் தெளிப்பது போல் குளோரின் இல்லாத தண்ணீரை லேசாகத் தெளித்துப் பிசறி, பத்து நிமிடம் மூடி வையுங்கள். ஈரமான உமியில்தான் புகை ஒட்டும். காய்ந்த மால்ட்டில் மூன்று மணி நேரம் புகை விட்டாலும் பாதி வீண். கொசுவலை போன்ற துருப்பிடிக்காத கம்பி வலையில் இரண்டு செண்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, தணலிலிருந்து தள்ளி வைத்து, ஒரு மணி நேரம் முதல் இரண்டு மணி நேரம் வரை. கால் மணிக்கொரு தரம் கிளற வேண்டும். மால்ட்டின் சூடு 45 டிகிரிக்குள் இருக்கட்டும். ஈரத்தோடு 60-ஐத் தாண்டினால் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் செத்துப்போகும். பிறகு நன்றாக உலர்த்திக் காகிதப் பையில் ஒரு வாரம், இரண்டு வாரம் ஆறப்போடுங்கள். புகை போட்ட அன்றே அரைத்துக் காய்ச்சினால் நெடி தொண்டையைப் பிடிக்கும். சரியாக உலராமல் அரைத்தால் மில்லில் மாவாக அப்பிக்கொள்ளும்.

மூன்றாம் நாள், அக்டோபர் 31

மதுவடிப்பகம் நகர மையத்தில் இல்லை. லெமன் க்ரீக் என்ற தொழிற்பேட்டைப் பகுதியில் இருக்கிறது. நகரப் பேருந்தில் போகலாம், இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும். வயதைக் காட்டும் ஆவணம் கட்டாயம். 21 நிரம்பாதவர்களுக்குக் கிடையாது. நமக்குப் பாஸ்போர்ட்தான். அலாஸ்கா சட்டப்படி மதுவடிப்பகத்தின் ருசிக்கூடத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 36 அவுன்ஸ் பீர்தான் ஊற்றலாம், அதாவது ஒரு லிட்டருக்குச் சற்று மேல். அந்த அளவைச் சிறிய கோப்பைகளாகப் பிரித்துக் கேளுங்கள். பெரிய கோப்பை ஒன்றை வாங்கி அரைமணியில் முடிப்பது இந்த பீருக்குச் செய்யும் அநியாயம்.

சாலையில்லாத ஊரில் பீர் காய்ச்சுவதன் சிரமம் இங்கே வந்தால்தான் புரியும். பார்லி, கசப்புக்குச் சேர்க்கும் ஹாப்ஸ் பூ, பாட்டில் எல்லாம் கடல் வழியாக வருகின்றன. காய்ச்சி முடித்த சக்கையைத் தின்ன ஊரில் மாடுகளும் இல்லை. வேறு ஊர்களில் விவசாயி வந்து லாரியில் அள்ளிக்கொண்டு போவார். இவர்கள் சக்கையை உலர்த்திக் கப்பலில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பிறகு அந்தச் சக்கையையே எரிபொருளாக்கி நீராவி எடுக்கும் கொதிகலன் வைத்தார்கள். நொதிக்கும்போது வெளியேறும் கரியமில வாயுவைப் பிடித்துச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாட்டை 1998-இலேயே செய்துவிட்டார்கள். அமெரிக்கச் சிறு மதுவடிப்பகங்களில் அதுதான் முதல். பெருமைக்காகச் செய்தது அல்ல. ஒவ்வொரு சிலிண்டரும் கப்பல் ஏறி வரவேண்டிய ஊரில் வேறு வழியில்லை.

சரி, பீருக்கு வருவோம். போர்ட்டர் என்பது 18-ஆம் நூற்றாண்டு லண்டனின் சுமைகூலித் தொழிலாளர்கள் பெயரால் வந்தது. அப்போதைய பழுப்பு மால்ட்டை விறகுத் தீயில்தான் உலர்த்தினார்கள், ஆகவே போர்ட்டரில் புகை என்பது புதுமை அல்ல, பழமை. கற்கரி அடுப்புகள் பரவியதும், 1817-இல் டேனியல் வீலர் சுழலும் உருளையில் மால்ட் வறுக்கும் முறைக்கு உரிமம் பெற்றதும் நிறத்தைப் புகையிலிருந்து பிரித்துவிட்டன. கருமை வறுவலில் இருந்து வந்தது, புகை காணாமல் போனது. ஜெர்மனியின் பாம்பெர்க்கில் பீச் மரப் புகையில் உலர்த்தும் வழக்கம் மட்டும் விடாமல் நீடித்தது. ஆனால் அங்கே காய்ச்சுவது பெரும்பாலும் குளிரில் மெதுவாக நொதிக்கும் லாகர் வகை. புகையும் கரு வறுவலும் ஒரே கோப்பையில் மறுபடி சேர்ந்தது ஜூனோவில்.

இந்த இரண்டையும் சேர்ப்பதில்தான் கைப்பக்குவம். புகைக்கும் கசப்பு உண்டு, கரு மால்ட்டுக்கும் உண்டு, ஹாப்ஸுக்கும் உண்டு. மூன்றும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து நின்றால் சாம்பல் தின்றது போலிருக்கும். அதனால் அடியில் இனிப்பும் திடமும் வேண்டும். அலாஸ்கன் ஸ்மோக்ட் போர்ட்டரின் மது அளவு 6.5 சதவீதம், கசப்பு 45 அலகு. ஆனாலும் குடிக்கும்போது கசப்பு பீர் என்று தோன்றாது.

ருசிக்கூடத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்வி, வீட்டில் இதைப் போல் செய்வது எப்படி என்பது. (அமெரிக்காவில் வயது வந்தவர் வீட்டுத் தேவைக்குக் காய்ச்சச் சட்டம் இடம் தருகிறது. இந்தியாவில் உரிமம் இல்லாமல் கூடாது.) நாங்கள் சரி என்று நினைக்கும் அளவு, 20 லிட்டருக்கு: வெளிர் மால்ட் 3.2 கிலோ, ஆல்டர் புகை மால்ட் 1.3 கிலோ, மியூனிக் மால்ட் 700 கிராம், கிறிஸ்டல் 400 கிராம், சாக்லேட் மால்ட் 300 கிராம், கரு மால்ட் 150 கிராம். ஊறல், அதாவது அரைத்த மால்ட்டைச் சூடான தண்ணீரில் ஊறவிடுவது, 67 டிகிரியில் ஒரு மணி நேரம். கொதிக்கும்போது, ஆல்ஃபா அமிலம் 10 சதவீதமுள்ள ஹாப்ஸ் 45 கிராம், 60 நிமிடம். தொடக்க அடர்த்தி 1.065 அளவில் வரும். இங்கிலீஷ் ஏல் ஈஸ்ட், உலர் வகை என்றால் இரண்டு பாக்கெட், 18 முதல் 20 டிகிரி. நொதித்து முடிந்ததும் அடர்த்தி 1.016-இல் நிற்கும். பாட்டிலில் அடைக்கும்போது மொத்தத்துக்கும் 105 கிராம் சர்க்கரை போதும். வாயு கூடினால் புகை மூக்கில் குத்தும்.

கவனிக்க வேண்டியது தண்ணீர். ஜூனோவின் தண்ணீர் மழையும் உருகிய பனியும், மிக மென்மையானது. மென்மையான தண்ணீரில் கரு மால்ட் சேர்த்தால் ஊறலின் புளிப்பு கூடிவிடும், துவர்ப்பும் கூர்மையும் வரும். புளிப்பைக் காட்டும் pH அளவு 5.4 பக்கம் இருக்கிறதா என்று பார்த்து, கீழே போயிருந்தால் சமையல் சோடாவைக் கால் தேக்கரண்டி அளவில் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும். கரு மால்ட்டைக் கடைசிப் பத்து நிமிடத்தில் சேர்ப்பதும் ஒரு வழி. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் இன்னும் மோசம். புகையின் பீனாலோடு அது சேர்ந்தால் ஆஸ்பத்திரி வாடை அடிக்கும், எத்தனை மாதம் வைத்தாலும் போகாது. கடையில் கிடைக்கும் பீட் (சதுப்பு நிலத்துக் கரிமண்) புகை மால்ட்டை ஆல்டருக்குப் பதிலாகப் போடவே வேண்டாம். 1.3 கிலோ போட்டால் அயோடின் குடிப்பது போலிருக்கும்.

நான்காம் நாள், நவம்பர் 1

குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் குடிக்காதீர்கள். 4 டிகிரியில் இந்த பீர் வெறும் கரி. எடுத்து வெளியே அரைமணி நேரம் வைத்து 10 முதல் 13 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். உறைய வைத்த கோப்பை கூடவே கூடாது. வாய் குறுகி வயிறு அகன்ற கோப்பையில் 150 மில்லி ஊற்றினால் மேலே வாசனைக்கு இடமிருக்கும்.

நிறம்: கறுப்பு போலத் தெரியும், விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தால் ஓரத்தில் மாணிக்கச் சிவப்பு. நுரை வெளிர் காப்பி நிறம்.

மூக்கை உள்ளே வைத்து நீளமாக இழுக்க வேண்டாம். புகை வாசனையை மூக்கு மிக வேகமாகப் பழகிக்கொள்ளும். நான்கு ஐந்து மூச்சில் இருப்பதே தெரியாமல் போகும். இரண்டு குட்டி மோப்பம், பிறகு முகத்தைத் திருப்பி வெளிக்காற்று, மறுபடி ஒன்று. முதலில் வருவது தணலும் பதப்படுத்திய இறைச்சியும். அடுத்து கசப்புச் சாக்லேட், வறுத்த காப்பிக்கொட்டை. கோப்பை சூடேறும்போது கருகத் தொடங்கும் வெல்லப்பாகு, உலர்திராட்சை. வாயில் முதலில் இனிப்பு, நடுவில் வறுவல், விழுங்கிய பின் மூக்கு வழியாகப் புகை திரும்பி வரும். அந்தத் திரும்பி வரும் புகைதான் இந்த பீரின் அடையாளம். விழுங்கியதும் வாயை மூடி மூக்கால் மூச்சு விட்டால்தான் அது கிடைக்கும். விறகடுப்பில் சுட்ட கத்தரிக்காயைத் தோலுரிக்கும்போது வரும் வாசனை தெரிந்தவர்களுக்கு இதில் அந்நியம் எதுவும் இல்லை.

முதல் வாயில் பிடிக்கவில்லை என்று பலர் வைத்துவிடுவார்கள். பாம்பெர்க்கில் மூன்றாவது கோப்பையில்தான் புகை பீர் பிடிபடும் என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. நாக்கு புகைக்குப் பழகிய பிறகுதான் அதற்குக் கீழே இருக்கும் மால்ட் தெரிய வரும்.

எது குணம், எது குறை என்று பிரித்தறிய: இறைச்சி, தணல், லேசான இனிப்புப் புகை எல்லாம் ஆல்டருக்கு இயல்பு. மருந்துக்கட்டு வாடை வந்தால் தண்ணீரின் குளோரின் அல்லது காட்டு ஈஸ்ட். கிராம்பு வாசனை தூக்கலாக இருந்தால் ஈஸ்ட் தந்த பீனால், புகை அல்ல. சிகரெட் சாம்பல் போல் வறண்டு நாக்கில் ஒட்டினால் கரு மால்ட் மிஞ்சிவிட்டது, அல்லது ஊறலில் புளிப்பு கூடிவிட்டது. மதுக்கூடக் குழாயிலிருந்து ஊற்றியதில் புளித்த வெண்ணெய் வாசனை வந்தால் பெரும்பாலும் குழாய் அழுக்கு. பீரைக் குறை சொல்லும் முன் பாட்டிலில் ஒன்று கேட்டுப் பாருங்கள்.

உணவு: உள்ளூர் புகை சால்மன்தான் முதல் தேர்வு. அதிலும் சர்க்கரையோடு கெட்டியாகப் புகைத்த வகை. இரண்டும் ஒரே மரப் புகை, ஆகவே ஒன்றையொன்று மறைத்துக்கொள்கின்றன, மீனின் கொழுப்பும் பீரின் வறுவலும் மட்டும் மேலே வருகின்றன. வயதான செடார் பாலாடைக்கட்டியும் நன்றாகச் சேரும். ஹாலிபட் போன்ற மென்மையான வெள்ளை மீனுக்கு வேண்டாம், மீன் இருக்கும் இடமே தெரியாது. நம் சமையலில் மிளகு போட்ட மட்டன் சுக்கா இதற்கு வாகாக இருக்கும். புளி தூக்கிய மீன் குழம்பு சேராது. புளிப்பும் வறுவல் கசப்பும் மோதி நாக்கில் இரும்பு ருசி தட்டும்.

ஐந்தாம் நாள், நவம்பர் 2

வெவ்வேறு ஆண்டுப் பாட்டில்களை வரிசையாக வைத்துக் குடித்துப் பார்க்கும் நாள். ஸ்மோக்ட் போர்ட்டர் பாட்டிலில் ஆண்டு போடுவது அலங்காரம் அல்ல. இது வைத்திருந்து குடிக்கும் பீர். மது அளவு, வறுத்த மால்ட், புகையின் பீனால் மூன்றும் சேர்ந்து கெடாமல் காக்கின்றன. மீனும் இறைச்சியும் புகையில் நாள்படக் கெடாமல் இருப்பதற்கும் இதே பீனால்கள் ஒரு காரணம். அடுப்புக்கு மேலே பரண் கட்டி விதையும் பருப்பும் வைத்தவர்களுக்கு இது புதிதல்ல.

ஊற்றும் வரிசை முக்கியம். பழையது முதலில், புதியது கடைசியில். மாற்றிச் செய்தால் புதியதன் புகை நாக்கை மூடிவிடும், பழையதில் இருக்கும் நுட்பம் எதுவும் தெரியாது. நடுவில் உப்பில்லாத ரொட்டியும் தண்ணீரும். ஒவ்வொன்றும் 60 மில்லி போதும்.

ஐந்து ஆண்டு தாண்டியதில் புகை பின்னுக்குப் போய் ஷெரி ஒயின், உலர்திராட்சை, டாஃபி முன்னே வந்திருந்தது. மூன்று ஆண்டுப் பாட்டிலில் இரண்டும் சண்டையில் இருந்தன, எங்கள் கணக்கில் அதுதான் நடுவாந்தரம். ஓர் ஆண்டுப் பாட்டில் உருண்டு மெத்தென்று இருந்தது. இந்த ஆண்டினுடையது முழுத் தணல். ஒரே ஒரு பாட்டில்தான் இருக்கிறது என்றால் ஓர் ஆண்டு கழித்துத் திறங்கள். இரண்டு இருந்தால் ஒன்றை இப்போதே.

வைக்கும் முறை: 10 முதல் 13 டிகிரி, இருட்டு, நிமிர்த்தி. படுக்க வைத்தால் மூடியின் உட்புறமும் ஈஸ்ட் படிவும் பீரில் அதிகம் படும். சென்னை வீட்டு அலமாரியில் 32 டிகிரியில் வைத்தால் ஆறு மாதத்தில் நனைந்த அட்டை வாசனை வந்துவிடும், அது ஷெரியாக மாறாது. வேறு இடம் இல்லையென்றால் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டு. முதிர்ச்சி மெதுவாகும், கெடாது. சோயா சாஸ் வாடை தலைகாட்டினால் ஈஸ்ட் செத்துக் கரைகிறது என்று பொருள். அந்த ஆண்டின் மற்ற பாட்டில்களையும் உடனே குடித்து முடிப்பது நல்லது.

ஊருக்குக் கொண்டு போக: கைப்பையில் விடமாட்டார்கள், பெட்டியில்தான். பாட்டில் ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்து, கம்பளிக் காலுறைக்குள் நுழைத்து, துணிகளுக்கு நடுவே, பெட்டியின் எந்தச் சுவரையும் தொடாமல் வையுங்கள். இரண்டு பாட்டில் ஒன்றோடொன்று உரசக் கூடாது. இந்தியச் சுங்கத்தில் ஒருவருக்கு இரண்டு லிட்டர் மதுவரை வரி இல்லை. இறங்கியதும் திறந்துவிடாதீர்கள். பயணத்தில் குலுங்கிய படிவு அடங்க ஒரு வாரம் நிமிர்த்தி வைத்து, ஊற்றும்போது கடைசி ஒரு செண்டிமீட்டரைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.